இல்லாத தூசியை எண்ணிய கருவிகள்



தகரக் கூரை வீட்டில் இருந்தவர்களுக்கு இது தெரியும். நாள் முழுக்க வெயிலில் காய்ந்த தகரம், பொழுது சாய்ந்ததும் 'டிக்... டிக்...' என்று சத்தம் போடும். பள்ளி விடுமுறைக்குத் தோட்டத்தில் இருந்த பாட்டி வீட்டுக்குப் போகும்போதெல்லாம், யாரோ கூரைமேல் கல் எறிகிறார்கள் என்று பயந்து நான் போர்வைக்குள் சுருண்டுகொள்வேன். "கல்லுமில்ல, ஒன்னுமில்ல. சூடு எறங்குது, தகரம் சுருங்குது. தூங்கு" என்பார் பாட்டி. நான் நம்பியதில்லை. மறுநாள் காலையில் வீட்டைச் சுற்றிவந்து கல் தேடியிருக்கிறேன்.

பாட்டிக்குத் தெரிந்த இந்தச் சின்ன விஷயம், விண்வெளிப் பயணம் தொடங்கிய காலத்தில் பெரிய பெரிய அறிவியலாளர்களைச் சில ஆண்டுகள் ஏமாற்றியிருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தக் கதையில்தான் தொடங்குகிறது.

முதலில் விண்தூசி என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். வால்மீன்கள் சூரியனுக்கு அருகே வரும்போது உதிர்ப்பவை, சிறுகோள்கள் ஒன்றோடொன்று மோதும்போது பொடியாகிச் சிதறுபவை, இவைதான் பெரும்பாலும். ஒரு மயிரிழையின் தடிமனைவிடச் சிறியவை இவற்றில் ஏராளம். நகர வெளிச்சம் இல்லாத கடற்கரையில், சூரியன் மறைந்து நன்றாக இருட்டிய பிறகு மேற்கு வானில் சில சமயம் முக்கோணம் போல ஒரு மங்கலான வெளிச்சம் தெரியும். அது இந்தத் தூசியின்மேல் பட்டுச் சிதறும் சூரிய ஒளி. அதாவது தூசி இருப்பது தெரிந்த விஷயம். எவ்வளவு இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

எவ்வளவு என்பது ஏன் முக்கியம்? வேகம்தான் காரணம். துப்பாக்கிக் குண்டு விநாடிக்கு ஏறக்குறைய 1 கிலோமீட்டர் போகும். விண்தூசியோ விநாடிக்குப் பத்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதும். அந்த வேகத்தில் மணல்பருக்கை அளவு துகள்கூடத் தகட்டைத் துளைத்துவிடும். மனிதனை விண்வெளிக்கு அனுப்ப நினைத்தவர்களுக்கு இது சாதாரணக் கேள்வி இல்லை. கலத்தின் சுவர் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும்? மெல்லியதாக வைத்தால் உயிருக்கு ஆபத்து. தடிமனாக வைத்தால் ராக்கெட் தூக்காது.

1958 ஜனவரி 31 அன்று அமெரிக்கா தன் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்புளோரர் 1-ஐ ஏவியது. அதில் தூசியைக் கண்டுபிடிக்க இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. ஒன்று, மெல்லிய கம்பிகளைச் சுற்றிச் செய்த சின்னச் சின்னச் சட்டங்கள். துகள் பட்டுக் கம்பி அறுந்தால் மின்னோட்டம் மாறும். இன்னொன்று, கோளின் உடம்போடு பொருத்திய ஓர் ஒலிவாங்கி. ஆமாம், மைக்தான். ஆனால் காற்றே இல்லாத இடத்தில் மைக் எதைக் கேட்கும்? உலோகத்தோலில் துகள் மோதும்போது அந்த உலோகமே அதிரும் அல்லவா, அந்த அதிர்வைக் கேட்கும். உள்ளே இருப்பது அழுத்தினால் மின்சாரம் தரும் ஒருவகைப் படிகம். நம் வீட்டு அடுப்பு லைட்டரை அமுக்கினால் 'டக்' என்று பொறி வருகிறதே, அதே தத்துவம்தான்.

அந்த மைக் பதிவு செய்த 78,750 விநாடிகளில், அதாவது ஏறக்குறைய 22 மணி நேரத்தில், 145 மோதல்கள் கணக்காயின. பிறகு போன கோள்களிலும் மைக் பொருத்தினார்கள். சோவியத் ஒன்றியத்தின் ஸ்புட்னிக் 3-இல் இருந்தது. 1959-இல் போன வான்கார்ட் 3-இல் இருந்தது. 1960-இல் போன எக்ஸ்புளோரர் 8-இலும் இருந்தது. எல்லாமே 'டிக், டிக்' என்று எண்ணிக்கையை அனுப்பின. எண்ணிக்கையும் குறைவாக இல்லை.

இந்த எண்களை எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தவர் ஃபிரெட் விப்பிள். சாதாரண ஆள் இல்லை. வால்மீன் என்பது பனியும் தூசியும் கலந்த கட்டி என்று 1950-இல் சொன்னவர் அவர்தான். 1961-இல் அவர் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை, பூமியைச் சுற்றி ஒரு தூசி மேகமே இருக்கிறது என்றது. கோள்களுக்கு இடையே இருப்பதைவிடப் பூமிக்கு அருகே தூசி ஆயிரக்கணக்கான மடங்கு அடர்த்தி என்று கணக்கு வந்தது. ஏன் இங்கே மட்டும் இவ்வளவு? பூமியின் ஈர்ப்பு பிடித்து வைத்திருக்கிறதா? நிலாவிலிருந்து தெறித்து வருகிறதா? விளக்கம் தேடிப் பலரும் புறப்பட்டார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தேர்வில் இப்படிப்பட்ட பகுதியைக் கருத்துணர்தலுக்குக் கொடுத்தால், 'விப்பிள் செய்த தவறு யாது?' என்று கேட்கத் தோன்றும். நான் அப்படிக் கேட்கமாட்டேன். நான்கைந்து கோள்கள், இரண்டு நாடுகள், வெவ்வேறு ஆண்டுகள், எல்லாம் ஒரே மாதிரி சொல்கின்றன. நீங்களோ நானோ அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்போம்? அதையேதான் எழுதியிருப்போம். நான்கு சாட்சிகள் ஒரே மாதிரி சொல்வதாகத் தோன்றியது. நான்கு பேரின் காதிலும் ஒரே கோளாறு என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

முதல் சந்தேகம் வேறு வகைக் கருவிகளிடமிருந்து வந்தது. 1962 டிசம்பரில் போன எக்ஸ்புளோரர் 16-இல் வாயு அடைத்த சிறு கூடுகளை வரிசையாகப் பொருத்தியிருந்தார்கள். துகள் துளைத்தால் வாயு வெளியேறும், அழுத்தம் இறங்கும். ஓட்டை விழுந்தால்தான் கணக்கு. அப்படி எண்ணினால், மைக் சொன்ன எண்ணிக்கையின் பக்கத்தில்கூட வரவில்லை.

அடுத்து வந்தது பெகாசஸ். 1965 பிப்ரவரி 16, மே 25, ஜூலை 30 என்று ஒரே ஆண்டில் மூன்று கோள்கள். பெயருக்கு ஏற்றபடி இறக்கை விரித்த குதிரைதான். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இறக்கையின் நீளம் 29 மீட்டர். நம் பள்ளிப் பூப்பந்துத் திடலின் நீளத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். துகள் எங்கோ ஒரு சின்ன இடத்தில்தான் வந்து படும் என்பதால், அதைப் பிடிக்க இவ்வளவு பெரிய கை தேவைப்பட்டது. இறக்கை முழுவதும் மின்தேக்கித் தகடுகள். வெளியே அலுமினியம், நடுவே மெல்லிய பிளாஸ்டிக், உள்ளே செம்புப் படலம். துகள் துளைத்துக்கொண்டு போகும்போது ஒரு நொடிப்பொழுது மின்சாரம் குறுக்கே பாய்ந்து, பிறகு தானாகவே சரியாகிவிடும். எந்தத் தடிமன் தகட்டை எத்தனை துகள் துளைத்தது என்று நேரடியாகவே தெரிந்துவிடும். மனிதர்களை நிலாவுக்கு அனுப்பக் காத்திருந்தவர்களுக்கு வேண்டிய பதில் இதுதான். துளைக்கக்கூடிய தூசி, பயந்த அளவுக்கு இல்லை. அப்பல்லோ கலத்தின் சுவர் தாங்கும்.

அப்படியானால் மைக்குகள் எதைக் கேட்டன?

1966-இல் நில்சன் என்ற ஆய்வாளர் 'சயன்ஸ்' இதழில் பூமியின் தூசி மேகத்தைப் பற்றித் தம் ஐயங்களை எழுதினார். அவர் செய்தது மிக எளிமையான காரியம். மைக்கில் இருக்கும் அந்தப் படிகத்தைத் தரையிலேயே, ஆய்வுக்கூடத்திலேயே வைத்து, மெல்ல மெல்ல வெப்பநிலையை மாற்றிப் பார்த்தார். தூசி எதுவும் படவில்லை. ஆனாலும் படிகம் 'டிக்' என்றது. எக்ஸ்புளோரர் 1 பூமியை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 115 நிமிடம் எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு சுற்றிலும் வெயில், பிறகு பூமியின் நிழல், மறுபடி வெயில். அப்படிச் சுற்றும் எந்தக் கோளும் சூடாகும், குளிரும், விரியும், சுருங்கும். பாட்டி வீட்டுத் தகரக் கூரைதான்! யாரும் கல் எறியவில்லை.

பூமியைச் சுற்றி இருந்ததாக நம்பிய அடர்ந்த தூசி மேகம் அதன் பிறகு மெல்ல மெல்லப் பாடநூல்களிலிருந்து மறைந்தது.

வகுப்பில் இதைச் சொன்னபோது படிவம் 4 மாணவி ஒருத்தி, "அப்போ அந்த முதல் கோளு போனதே வேஸ்ட்டா டீச்சர்?" என்று கேட்டாள். இல்லை. அதே எக்ஸ்புளோரர் 1-இல் ஜேம்ஸ் வான் ஆலன் வைத்த கதிர்வீச்சு எண்ணி ஒன்றும் இருந்தது. அது சில உயரங்களில் திடீரென்று ஊமையாகிவிட்டது. எண்ணிக்கை பூஜ்யம். கருவி கெட்டுவிட்டது என்றோ அங்கே கதிர்வீச்சு இல்லை என்றோ விட்டுவிடாமல் யோசித்ததால், எண்ண முடியாத அளவுக்கு அதிகம் என்பதால்தான் அது திணறி நின்றது என்று தெரிந்தது. பூமியைச் சுற்றியுள்ள வான் ஆலன் கதிர்வீச்சுப் பட்டைகள் அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டன. ஒரே கோள், இரண்டு கருவிகள். ஒன்று நிறைய இருந்த இடத்தில் ஒன்றுமில்லை என்றது. இன்னொன்று ஒன்றுமில்லாத இடத்தில் நிறைய என்றது. கருவி சொல்வதை எழுதிக்கொள்வது ஒரு வேலை, அது ஏன் அப்படிச் சொல்கிறது என்று கேட்பது வேறு வேலை என்று அவளிடம் சொன்னேன். அவளுக்குப் புரிந்ததா என்று தெரியாது. மணி அடித்துவிட்டது.

இதற்குப் பிறகு தூசிக் கருவி செய்தவர்களுக்குத் தலையாய கவலையே இதுதான்: மோதியது தூசிதானா? 1972 மார்ச்சில் கிளம்பிய பயனியர் 10, வியாழனுக்குப் போகும் வழியில் சிறுகோள் பட்டையைத் தாண்ட வேண்டியிருந்தது. அங்கே தூசி மழையில் கலம் சல்லடையாகிவிடும் என்று பயந்தவர்கள் உண்டு. வாயு அடைத்த 234 கூடுகள் அதில் இருந்தன. மறுபடியும் ஓட்டை விழுந்தால் மட்டுமே கணக்கு என்ற முறை. கலம் பத்திரமாகத் தாண்டியது. எதிர்பார்த்த தூசிப் பெருக்கம் அங்கே இல்லை.

மைக்குக்கு மானம் திரும்பக் கிடைத்தது 1986-இல். ஹாலி வால்மீனைப் பார்க்க ஐரோப்பா அனுப்பிய ஜியோட்டோ கலம் மார்ச் 14 அன்று அதன் உட்கருவுக்கு ஏறக்குறைய 600 கிலோமீட்டர் அருகே, விநாடிக்கு 68 கிலோமீட்டர் வேகத்தில் கடந்து சென்றது. அதன் கவசத் தகட்டில் ஒலிவாங்கிகள் பொருத்தப்பட்டிருந்தன. இங்கே தூசி உண்மையிலேயே கொட்டியது. 12,000 மோதல்கள் பதிவாயின. மிக அருகில் நெருங்குவதற்குச் சில விநாடிகளுக்கு முன் சற்றுப் பெரிய துகள் ஒன்று பட்டுக் கலம் தள்ளாடியது. ஏறக்குறைய அரை மணி நேரம் பூமியோடு சரியான தொடர்பு இல்லை. அவ்வளவு அடியிலும் கலம் பிழைத்ததற்குக் காரணம் அதன் இரட்டைக் கவசம். முன்னால் மெல்லிய அலுமினியத் தகடு, ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளி, பின்னால் கனத்த கெவ்லர். முதல் தகட்டில் பட்டதுமே துகள் ஆவியாகிச் சிதறிவிடும். அந்தச் சிதறல் இடைவெளியில் பரவி வலுவிழந்துதான் இரண்டாவது சுவரைத் தொடும். இந்த யோசனையைச் செயற்கைக்கோளே இல்லாத 1940-களில் சொன்னவர் யார் தெரியுமா? அதே ஃபிரெட் விப்பிள். தூசி மேகத்தில் சறுக்கியவர், கவசத்தில் சறுக்கவில்லை. இன்றும் அதன் பெயர் விப்பிள் கவசம்தான்.

ஒன்றுக்கு மேற்பட்ட சாட்சிகளை ஒரே கருவிக்குள் வைத்தவர்கள் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையத்தினர். எபர்ஹார்ட் குரூன் தலைமையில் அங்கே உருவான இரட்டைக் கருவிகள் 1989-இல் கலிலியோ கலத்திலும் 1990-இல் யுலிசிஸ் கலத்திலும் போயின. பார்ப்பதற்குத் தங்க முலாம் பூசிய அரைக்கோளக் கிண்ணம் போல இருக்கும். வேகமாக வரும் துகள் கிண்ணத்தில் மோதி ஆவியாகும். அந்த ஆவியில் எதிர்மின் துகள்களும் நேர்மின் துகள்களும் பிரியும். ஒன்றைக் கிண்ணம் பிடிக்கும், மற்றதை எதிரே உள்ள வலை பிடிக்கும், மூன்றாவதாக ஓர் உணரியும் சாட்சி சொல்லும். மூன்றும் சரியான நேர இடைவெளியில் ஒத்து வந்தால்தான் தூசி என்று ஏற்பார்கள். தகரக் கூரை இந்த மூன்றையும் ஒரே சமயத்தில் ஏமாற்ற முடியாது.

பலன்? 1992 பிப்ரவரியில் யுலிசிஸ் வியாழனைத் தாண்டியபோது, வியாழன் இருக்கும் திசையிலிருந்து தூசி அலை அலையாக வருவது தெரிந்தது. அதன் நிலவான ஐயோவின் எரிமலைகளிலிருந்து வருகிறது என்பதும் பிறகு உறுதியானது. இன்னொரு வகைத் துகள்கள், நம் கோள்கள் சுற்றும் திசைக்கு எதிராக, விநாடிக்கு ஏறக்குறைய 26 கிலோமீட்டர் வேகத்தில் வந்தன. அவை சூரியக் குடும்பத்தைச் சேர்ந்தவையே அல்ல, விண்மீன்களுக்கு இடையே இருந்து வருபவை என்று 1993-இல் அறிவித்தார்கள். இல்லாத மேகத்தை எண்ணிய கதை தொடங்கி நாற்பது ஆண்டுகூட ஆகவில்லை, பாருங்கள்.

இனி மாணவர்களுக்குப் பிடித்த பகுதிக்கு வருவோம். 2006 ஜனவரி 19 அன்று புளூட்டோவை நோக்கிக் கிளம்பிய நியூ ஹொரைசன்ஸ் கலத்தில் ஒரு தூசி எண்ணி இருக்கிறது. அதை வடிவமைத்துச் செய்து முடித்தவர்கள் கொலராடோ பல்கலைக்கழகத்தின் மாணவர்கள். பேராசிரியர்கள் மேற்பார்வை பார்த்தார்கள், ஆனால் கை மாணவர்களுடையது. நாசாவின் கோள் ஆய்வுப் பயணம் ஒன்றில் மாணவர் செய்த கருவி போனது அதுவே முதல்முறை.

கருவியின் பெயருக்குப் பின்னும் ஒரு கதை உண்டு. 1930 மார்ச் 14 காலை, இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் பசியாறிக்கொண்டிருந்த 11 வயதுச் சிறுமி வெனிஷியா பர்னி, புதிதாகக் கண்டுபிடித்த கோளைப் பற்றித் தாத்தா செய்தித்தாளில் படித்துச் சொல்லக் கேட்டு, "புளூட்டோ" என்று வைக்கலாமே என்றாள். தாத்தா அதை ஒரு வானியல் பேராசிரியரிடம் சொல்ல, அவர் தந்தி அடிக்க, பெயர் நிலைத்துவிட்டது. அந்தச் சிறுமி பின்னாளில் கணக்கும் பொருளியலும் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் ஆனார். நம்மில் ஒருவர்! 2006-இல் தூசி எண்ணிக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். அப்போது அவருக்கு வயது 87.

மாணவர்கள் பயன்படுத்தியது 28 மைக்ரான் தடிமனுள்ள ஒருவகைப் பிளாஸ்டிக் தாள். துகள் பட்டுச் சிறு குழி விழுந்தால் அந்த இடத்தில் ஒரு மின் சமிக்ஞை கிளம்பும். இப்படி 12 தாள்கள், ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. வியாழன், சனியைத் தாண்டிய அந்தக் கடுங்குளிரில் இது வேலை செய்யும். ஆனால் ஒரு தொல்லை. இந்தத் தாள் அதிர்ந்தாலும் சமிக்ஞை தரும். வெப்பம் மாறினாலும் தரும். 1958-இன் படிகத்துக்கு இருந்த அதே வியாதி!

மாணவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அதே தாளில் இன்னும் இரண்டு உணரிகளைச் செய்து, தூசியே பட முடியாத அடிப்பக்கத்தில் பொருத்தினார்கள். அந்த இரண்டும் எதையும் பிடிக்கப் போவதில்லை. அவை 'டிக்' என்றால் அது சத்தியமாகத் தூசி இல்லை. கலம் அதிர்ந்திருக்கும், அல்லது குளிர்ந்திருக்கும். மூடிய இரண்டும் எவ்வளவு பொய் சொல்கின்றன என்று பார்த்து, திறந்த பன்னிரண்டின் கணக்கிலிருந்து அதைக் கழிக்கலாம். கலம் தன் உந்திகளை இயக்கிய நேரத்துப் பதிவுகளையும் தள்ளிவிடுவார்கள். அறிவியல் ஆசிரியர்கள் சோதனையில் ஒன்றைத் தொடாமல் தனியே வைத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வார்களே, அதுதான் இது. பேச்சுக்குச் சொல்கிறேன், மைக் பொருத்திய அந்தக் கோள்களில் மூடிய மைக் ஒன்று கூடவே போயிருந்தால், 1961-இல் அந்தக் கட்டுரையே வேறு மாதிரி வந்திருக்கும்.

கருவி செய்த மாணவர்கள் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்கள் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள், பிறகு அவர்களுக்கும் பின் வந்தவர்கள். கலம் 2015 ஜூலை 14 அன்று புளூட்டோவைக் கடந்து, இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது. பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள தூரத்தைப்போல 55 மடங்கைத் தாண்டிய பிறகு தூசி குறைந்திருக்க வேண்டும் என்பது கணிப்பு. குறையவில்லை. புளூட்டோவும் பனிப்பாறைகளும் இருக்கும் கைப்பர் பட்டை நாம் நினைத்த இடத்தில் முடியாமல் இன்னும் வெகுதூரம் போகிறதோ என்ற கேள்வியை 2024-இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் அலெக்ஸ் டோனரும் அவர் குழுவினரும் வெளியிட்டார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகத் தூசி! 1961-இல் கேட்ட அதே வாக்கியம்தான். இம்முறை அதைச் சொல்வதற்கு முன் கலம் அதிர்ந்த நேரங்களைக் கழித்தாயிற்று, மூடிய உணரிகளையும் கேட்டாயிற்று. அப்படியும் இதை அவர்கள் முடிவாகச் சொல்லவில்லை. இன்னும் பல ஆண்டுகள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றுதான் இருக்கிறார்கள்.

2024 அக்டோபரில் கலம் 60 மடங்குத் தூரத்தைத் தாண்டியது. அங்கிருந்து ஒரு செய்தி பூமிக்கு வந்துசேர எட்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். பன்னிரண்டு தாள்கள் இருட்டைப் பார்த்தபடி போகின்றன. அடியில் மூடிய இரண்டும் கூடவே போகின்றன.